கனடாவில் வீட்டுக் கடன்: ஐந்தாண்டுத் தவணையின் வரலாறு

வீட்டை ஈடாக வைத்துப் பெறும் கடன் எல்லா நாடுகளிலும் ஒரே வகையினதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவர் முப்பதாண்டுக் கடன் பெற்றால், அம்முப்பது ஆண்டுகளுக்கும் ஒரே வட்டி விகிதத்தை உறுதியாகப் பெற்றுக்கொள்ள முடியும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடன் ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு எழுதப்படினும், இடையில் வட்டி விகிதம் ஏறலாம், இறங்கலாம், ஒப்பந்தம் அறுபடுவதில்லை. கனடா நாட்டின் வழக்கம் இவ்விரண்டிலும் சேராதது. அங்கே கடன் முழுவதும் தீர இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டு மாதத் தவணையை வகுப்பர். ஆனால் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஐந்தாண்டுக்கே எழுதப்படும். ஐந்தாண்டு முடியும் நாளில் மீதித் தொகை முழுவதையும் கட்டியாக வேண்டும். அவ்வளவு பணம் எந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும்? ஆகவே, கடன் கொடுத்த நிறுவனத்திடமே புதிய வட்டிக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அன்றேல், வேறொரு நிறுவனத்திடம் கடன் பெற்றுப் பழையதை அடைக்க வேண்டும்.

இங்கே இரண்டு காலங்களைப் பிரித்தறிதல் வேண்டும். கடன் முழுவதும் தீர்வதற்கு வகுத்த இருபத்தைந்து ஆண்டுகளைத் தீர்வுக் காலம் எனலாம். வட்டி விகிதம் மாறாது நிற்கும் ஐந்தாண்டுகளை ஒப்பந்தக் காலம் எனலாம். ஒரு தீர்வுக் காலத்துள் ஐந்து ஒப்பந்தக் காலங்கள் அடங்கும். அஃதாவது, ஒரே வீட்டுக்காக ஒரு குடும்பம் நான்கு முறை புதுப்பிப்பு நாளைச் சந்திக்கிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து சென்று டொரண்டோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வழக்கம் புதிதாகவே இருந்திருக்கும்.

அந்தப் புதுப்பிப்பு நாளில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கும் உரிமை கடன்பட்டவருக்கு உண்டா என்பதே இவ்வரலாற்றின் நடுக்கேள்வி. ‘உண்டு’ என்று சட்டம் 1880ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. அவ்விடை நடைமுறைக்கு வரத்தான் நெடுங்காலம் ஆயிற்று. ஒரு கட்டத்தில் வந்த வழியே திரும்பியும் சென்றது.

வங்கிக்கு அடைத்த வாயில்

19ஆம் நூற்றாண்டில் கனடாவில் காடு திருத்திக் கழனியாக்கிய குடியானவருக்கு நிலத்தின் பேரில் கடன் தந்தவை வங்கிகள் அல்ல. 1871ஆம் ஆண்டு வங்கிச் சட்டம், நிலத்தையும் வீட்டையும் ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பதிலிருந்து வங்கிகளை விலக்கி வைத்தது. காரணம் எளிது. அக்காலத்து வங்கிகள் தத்தம் பெயரிலேயே நோட்டு வெளியிட்டு வந்தன. நோட்டைக் கொண்டுவந்து நீட்டியவருக்கு அதன் மதிப்பை உடனே கொடுத்தாக வேண்டும். நிலத்தில் முடங்கிய பணத்தை ஒரே நாளில் மீட்க முடியுமா? முடியாது என்பதால் வங்கிகள் வணிகருக்குக் குறுங்காலக் கடன் கொடுப்பதோடு நின்றன.

அந்த இடத்தை நிரப்பியவை கட்டட நிதிச் சங்கங்களும், அவற்றிலிருந்து வளர்ந்த கடன் நிறுவனங்களும் ஆகும். மேல் கனடா எனப்பட்ட இன்றைய ஒண்டாரியோவில் இச்சங்கங்களுக்கு வழிவகுத்த சட்டம் 1846ஆம் ஆண்டு பிறந்தது. 1855ஆம் ஆண்டு டொரண்டோவில் தோன்றிய கனடா பெர்மனென்ட் என்னும் நிறுவனம் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. இந்நிறுவனங்கள் உள்ளூர்ச் சேமிப்போடு, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டின. அப்பத்திரங்களுக்கு ஒரு குறித்த தவணை உண்டு; தவணை முடிந்ததும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஐந்தாண்டுக்கு வாங்கிய பணத்தை இருபதாண்டுக்குக் கடனாகக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. வாங்கும் தவணையும் கொடுக்கும் தவணையும் ஒத்திருக்க வேண்டும் என்பது ஈட்டுக் கடன் தொழிலின் பழைய பாடம். கனடாவின் ஐந்தாண்டு வழக்கத்துக்கு வேர் இதுவே. அது கடன் கொடுப்போரின் வசதிக்காக ஏற்பட்டது. கடன்படுவோரின் நலம் கருதி எழுந்ததன்று.

1880ஆம் ஆண்டுச் சட்டம்

கடன்பட்ட குடியானவர்களுக்கு அந்நாளில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ‘ஆண்டுக்கு இத்தனை வெள்ளி வீதம் இத்தனை ஆண்டு’ என்று முதலும் வட்டியும் கலந்த ஒரே தொகையாகப் பத்திரம் எழுதப்படும். அத்தொகைக்குள் மறைந்து கிடந்த வட்டி விகிதம், வாயால் சொல்லப்பட்ட விகிதத்தைவிட மிகுதியாக இருக்கலாம். மற்றொன்று, நாட்டில் வட்டி இறங்கினாலும் நீண்ட ஒப்பந்தத்தில் சிக்கியவர் பழைய வட்டியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடனை அடைக்கப் பணம் கொண்டுவந்தாலும் கடன் கொடுத்தவர் ஏற்க மறுக்கலாம்.

இவ்விரு குறைகளுக்கும் கனடா நாடாளுமன்றம் 1880ஆம் ஆண்டு ஒரே சட்டத்தில் மருந்து கண்டது. முதலும் வட்டியும் கலந்து கட்டும் ஈட்டுப் பத்திரத்தில், முதல் எவ்வளவு, வட்டி விகிதம் எவ்வளவு என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். அவ்விகிதம் ஆண்டுக்கொரு முறையோ அரையாண்டுக்கொரு முறையோ, முன்கூட்டி அன்றி, கணக்கிடப்பட்டதாகக் காட்டப்பட வேண்டும். எழுதத் தவறினால் வட்டி ஒரு காசும் வாங்க முடியாது! தண்டனை கடுமையானது. இன்றுங்கூடக் கனடாவில் மாறா வட்டி வீட்டுக் கடனுக்கு அரையாண்டுக் கூட்டுவட்டி கணக்கிடப்படுவதற்கு இப்பிரிவே காரணம்.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விடத்தில் ஒரு நல்ல வகுப்புக் கணக்கு கிடைக்கிறது. பெயரளவில் 6 விழுக்காடு என்று சொல்லும் வட்டியை அரையாண்டுக்கொரு முறை கூட்டினால் ஆண்டின் உண்மை வட்டி 6.09 விழுக்காடு, மாதந்தோறும் கூட்டினால் ஏறத்தாழ 6.17 விழுக்காடு. இரண்டு கடைக்காரர்கள் ‘ஆறு’ என்றே சொல்லலாம். ஆனால் இரண்டு ஆறும் ஒன்றல்ல. எல்லோரும் ஒரே அளவுகோலைக் கொண்டு அளந்தால்தான் விலையை ஒப்பிட முடியும். அந்த அளவுகோலை 1880ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது.

இரண்டாவது குறைக்கு மருந்தாக வந்ததுதான் ஐந்தாண்டுக் கதவு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட தவணையுள்ள ஈட்டுக் கடனாயினும், ஐந்து ஆண்டு கழிந்தபின் மீதி முதலையும் அதுவரைக்குமான வட்டியையும், அதற்குமேல் மூன்று மாத வட்டியையும் கொடுத்துக் கடன்பட்டவர் வெளியேறலாம். கடன் கொடுத்தவர் மறுக்க இயலாது. பிற்காலத்தில் இவ்வுரிமை தனிமனிதருக்கே உரியதாகவும், நிறுவனங்களுக்கு இல்லாததாகவும் வரையறுக்கப்பட்டது.

விலையைக் காணும் கண்ணும், கடையை விட்டு வெளியேறும் காலும் ஆகிய இரண்டையும் ஒரே சட்டம் தந்தது வியப்புக்குரியது. கடன் கொடுப்போர் இதற்கு என்ன செய்தனர்? ஐந்தாண்டுக்கு மேல் ஒப்பந்தம் எழுதினால் கடன்பட்டவர் வட்டி இறங்கும்போது வெளியேறிவிடுவார். வட்டி ஏறும்போது அசையாது இருப்பார். இந்த ஒருதலைப் பந்தயத்தில் இறங்க யார் விரும்புவர்? முன்பே இருந்த ஐந்தாண்டு வழக்கம் இதனால் மேலும் இறுகிற்று. கடன்பட்டவருக்காகத் திறந்த கதவே, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர் வட்டியேற்றத்துக்கு ஆளாகும் வாசலாகவும் ஆயிற்று.

நீண்ட தவணையும் அதன் முடிவும்

1930ஆம் ஆண்டுகளின் பெரும் பொருளாதாரச் சரிவுக்கு முன் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் மூன்றாண்டு, ஐந்தாண்டுக் கடன்களே மிகுதி. சரிவின்போது அவற்றைப் புதுப்பிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. இலட்சக்கணக்கானோர் வீடிழக்கும் நிலைக்கு வந்தனர். அந்நாட்டு அரசாங்கம் 1933, 1934ஆம் ஆண்டுகளில் கடன் மீட்பு நிறுவனத்தையும் வீட்டுக் கடன் காப்புறுதியையும் ஏற்படுத்தி நீண்டகாலக் கடனை நிலைநாட்டிற்று. கனடாவும் 1935ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தோடு அவ்வழியில் அடியெடுத்து வைத்தது. 1946ஆம் ஆண்டு அரசின் ஈட்டுக் கடன், வீடமைப்புக் கழகம் தோன்றியது. 1954ஆம் ஆண்டுத் தேசிய வீடமைப்புச் சட்டத்தின்படி, கடன் தவறினால் இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதியை அக்கழகம் வழங்கலாயிற்று. அக்காப்புறுதி பெற்ற கடன்கள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு மாறா வட்டிக்கு எழுதப்பட்டன. 1871ஆம் ஆண்டிலிருந்து அடைத்துக் கிடந்த வாயிலும் அவ்வாண்டில் திறந்தது. காப்புறுதி பெற்ற வீட்டுக் கடன்களை வங்கிகளும் கொடுக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

எனினும், வங்கிகள் 6 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கலாகாது என்ற உச்சவரம்பு இருந்தது. 1959ஆம் ஆண்டில் வீட்டுக் கடன் வட்டி அவ்வரம்பைத் தாண்டியதும் வங்கிகள் இத்தொழிலிலிருந்து ஒதுங்கின. 1967ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சவரம்பை நீக்கியது. காப்புறுதி இல்லாத வீட்டுக் கடனையும் வங்கிகளுக்கு அனுமதித்தது. அவ்வாண்டிலேயே வைப்புத்தொகைக் காப்புறுதியும் வந்தது. அக்காப்புறுதி ஐந்தாண்டு வரைக்குமான வைப்புத்தொகைகளுக்கே உரியதாய் இருந்தது. 2020ஆம் ஆண்டில்தான் அந்த எல்லை எடுக்கப்பட்டது. சேமிப்போர் ஐந்தாண்டுக்கு மேல் பணத்தைப் போட அஞ்சுவது இயல்பு. வாங்கும் தவணை ஐந்தாண்டு என்றால் கொடுக்கும் தவணையும் ஐந்தாண்டே. பழைய பாடம் புதிய வடிவில் திரும்பி வந்தது.

1969ஆம் ஆண்டு தேசிய வீடமைப்புச் சட்டத்தின் கீழான கடன்களுக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தக் காலம் அனுமதிக்கப்பட்டது. விலைவாசி ஏறத் தொடங்கிய காலம் அது. நீண்டகாலக் கடன் கொடுத்தவர்கள் ஏறிய வட்டியைப் பெற முடியாமல் தவித்தனர். அவர்களின் தவிப்பு தீர்ந்தது; ஆபத்து முழுவதும் கடன்பட்டவரின் தோளுக்கு மாறியது. அம்மாற்றம் எத்தகையது என்பதைப் பலர் உணர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

1981

1981ஆம் ஆண்டில் கனடாவில் விலைவாசி ஏற்றம் 12 விழுக்காட்டைத் தாண்டியது. அதை அடக்க வட்டி உயர்த்தப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஐந்தாண்டு வீட்டுக் கடன் வட்டி 21 விழுக்காட்டுக்கும் மேலே சென்றது. 1976ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியவர்களின் ஒப்பந்தங்கள் சரியாக அந்த நேரத்தில் முடிந்தன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40,000 கனடிய வெள்ளிக் கடன், 25 ஆண்டுத் தீர்வுக் காலம், 12 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 413 வெள்ளி. ஐந்தாண்டுகள் தவறாமல் கட்டியபின் மீதி ஏறத்தாழ 38,180 வெள்ளி. அறுபது தவணை கட்டியும் முதலில் குறைந்தது இரண்டாயிரம் வெள்ளிகூட இல்லை. அம்மீதியை 21 விழுக்காட்டுக்குப் புதுப்பித்தால் மாதத் தவணை ஏறத்தாழ 653 வெள்ளியாகிறது. மாதம் 240 வெள்ளி கூடுதல்! சம்பளம் அவ்வாறு ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாளில் நாலு கடை ஏறி இறங்கிப் பயனுண்டா? வட்டி விகிதத்தைப் பொறுத்தவரை பயன் குறைவே. எல்லாக் கடைகளிலும் விலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தது. அது ஒப்பந்தக் காலம். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அஞ்சி ஐந்தாண்டுக்குக் கையெழுத்திட்டவர் அவ்வட்டியைச் சுமந்துகொண்டே இருந்தார். ஓராண்டு அல்லது அதற்கும் குறைந்த தவணைக்குப் புதுப்பித்தவரோ, 1983ஆம் ஆண்டில் வட்டி 14 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியபோது மூச்சு விட்டார். முன்கூட்டி யாரும் அறிந்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் விலை உச்சத்தில் இருக்கும் நாளில் நீண்ட காலத்துக்குத் தன்னைக் கட்டிக்கொள்வது நன்றா என்னும் கேள்வியைக் கேட்டவரும் கேளாதவரும் அடைந்த பயன் வேறு வேறாயிற்று.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1981 நவம்பர் 12இல் நிதியமைச்சர் ஆலன் மெக்எக்கன் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில் வீட்டுக் கடன் புதுப்பிப்புக்கென்றே ஒரு திட்டம் இருந்தது. புதுப்பித்தபின் மாதத் தவணை குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டினால் உதவி கிடைக்கும். கூடுதல் வட்டியின் ஒரு பகுதியை ஒத்திவைத்து முதலோடு சேர்க்கலாம். இது சுமையை இறக்குவதன்று. பிற்பாடு சுமக்கத் தள்ளிவைப்பதே. எண்ணெய்த் தொழிலும் தளர்ந்துபோன ஆல்பர்ட்டா மாநிலத்தில் வீட்டைக் கடன் கொடுத்தவரிடமே விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். 1984ஆம் ஆண்டில், புதுப்பிக்கும்போது வட்டி ஏறினால் காக்கும் ஒரு காப்புறுதியை அரசின் வீடமைப்புக் கழகம் கட்டணம் வாங்கிக்கொண்டு அளிக்க முன்வந்தது. வட்டி இறங்கத் தொடங்கியிருந்தமையால் அதை நாடியோர் மிகச் சிலரே. வெள்ளம் வடிந்தபின் கட்டிய கரை அது.

கையெழுத்தின் விலை

1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாண்டுக் கதவு 1981ஆம் ஆண்டின் கடன்களுக்கு உதவவில்லையா என்று கேட்கலாம். அக்கேள்வி கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதல் கடன் எழுதிய நாளிலிருந்து ஐந்தாண்டு கழிந்துவிட்டதால், புதுப்பித்த ஒப்பந்தத்தின் நடுவிலேயே மூன்று மாத வட்டி மட்டும் கொடுத்து வெளியேறலாம் என்பது கடன்பட்டவரின் வாதம். 1986ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐந்தாண்டு முடிந்த அன்று வெளியேறும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அன்று வெளியேறாமல் புதுப்பித்துக் கையெழுத்திட்டதால், புதுப்பித்த நாளையே கடனின் நாளாகக் கொண்டு அடுத்த ஐந்தாண்டு தொடங்கிற்று என்று தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வெளியேறுபவர் மூன்று மாத வட்டியையோ, பழைய வட்டிக்கும் புதிய வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எஞ்சிய காலத்துக்குக் கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் பெரியதைத் தண்டமாகக் கட்டுவது மாறா வட்டிக் கடன்களின் பொது வழக்கம். ஒப்பந்தம் முடியும் நாளில் மட்டும் தண்டம் இல்லை. ஆதலால் கடன்பட்டவர் கைவீசி வெளியேறக்கூடிய நாள் ஐந்தாண்டில் ஒன்றே. அந்நாளில் ஆராயாமல் இடும் கையெழுத்து அடுத்த ஐந்தாண்டுக்குக் கதவை அடைத்துவிடுகிறது.

ஆராயாமல் கையெழுத்திடுவது எளிதாகவும் இருந்தது. மத்திய அரசின் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்கள், ஒப்பந்தம் முடிவதற்கு 21 நாளேனும் முன்னதாகப் புதுப்பிப்பு அறிக்கையை அனுப்ப வேண்டும் என்பது விதி. கடிதம் வருகிறது, அதில் ஒரு வட்டி விகிதம் அச்சிட்டிருக்கிறது, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அச்சிட்டதெல்லாம் முடிந்த விலை என்று எண்ணுவது படித்தவரிடத்தும் காணப்படும் மயக்கம். உண்மையில் அது கடைக்காரர் முதலில் சொல்லும் விலை. சந்தையில் கத்தரிக்காய்க்கு முதலில் சொல்லும் விலையை ஒப்பாத இல்லத்தரசிகூட, வங்கியின் முத்திரை கண்ட கடிதத்தின் முன் வாய் திறப்பதில்லை. மூன்று வாரத்துக்குள் வேறு நிறுவனத்தை நாடி விண்ணப்பம் எழுதி, வீட்டை மதிப்பிட்டு, பத்திரம் மாற்றுவதும் அரிது. இதனாலேயே நான்கு மாதத்துக்கு முன்பே விலை கேட்கத் தொடங்குவோர் உண்டு. பல நிறுவனங்கள் தாம் சொன்ன விகிதத்தைப் பல வாரங்கள் மாற்றாமல் நிறுத்தி வைக்கின்றன. அதற்குள் வட்டி ஏறினால் கேட்டவருக்கு இலாபம். இறங்கினால் மறுபடியும் கேட்கலாம்.

கேட்டவருக்கும் கேளாதவருக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து பார்த்த பொருளியல் அறிஞர்களும் உளர். ஜேசன் ஆலன், ராபர்ட் கிளார்க், ழான் பிரான்சுவா ஊட் ஆகிய மூவர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. அவர்கள் அரசின் ஆதரவோடு காப்புறுதி செய்யப்பட்ட கடன்களை எடுத்துக்கொண்டனர். அவற்றில் கடன் தவறினாலும் நிறுவனத்துக்கு இழப்பில்லை. அப்படியாயின் ஒத்த நிலையிலுள்ள இருவருக்கு ஒரே வட்டி கிடைக்க வேண்டுமல்லவா? கிடைக்கவில்லை. ஒருவர் பேரம் பேசினார், பல இடத்தில் கேட்டார், அல்லது தரகரை நாடினார். மற்றவர் கேளாமல் ஏற்றார் என்பதே வேறுபாட்டுக்குப் பெருங்காரணமாயிற்று.

இரண்டு கடன் நிறுவனங்கள் ஒன்றாய் இணைந்ததால் நேர்ந்ததையும் அவர்கள் ஆராய்ந்தனர். இணைப்பினால் துன்புற்றவர் தேடிப் பேரம் பேசிக் குறைந்த விலை பெற்று வந்தவரே. உச்ச விலை கட்டி வந்தவருக்கு இணைப்பினால் வேறுபாடு தோன்றவில்லை. கடை இரண்டாயினும் ஒன்றாயினும் அவர் ஒரு கடைக்கே சென்றவர். கடைகள் குறைவது பொதுத் தீங்கு என்று எண்ணுகிறோம். முதலில் அத்தீங்கைச் சுமப்பவர் விழிப்புள்ளவர் என்பது எதிர்பாராத முடிவு. கடைகளோ குறைந்துகொண்டே வந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்துக்குப் பின் பெரிய வங்கிகள் நம்பிக்கை நிதி நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கின. ராயல் டிரஸ்டு 1993ஆம் ஆண்டில் ராயல் வங்கியின் கைக்குச் சென்றது. 1855ஆம் ஆண்டில் தோன்றிய கனடா பெர்மனென்ட் முதலில் கனடா டிரஸ்டோடு கலந்தது. அந்தக் கனடா டிரஸ்டும் 2000ஆம் ஆண்டில் டொரண்டோ டொமினியன் வங்கியோடு இணைந்தது.

அடைத்ததும் திறந்ததும்

2018 ஜனவரி முதல் தேதியன்று ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுக் கடன் கேட்பவர் தாம் கட்டப்போகும் வட்டியைக் கொண்டு மட்டுமன்றி, அதற்கு மேல் இரண்டு விழுக்காடு கூடினாலும் தாங்க முடியும் என்று காட்ட வேண்டும். கண்காணிப்பு அதிகாரியின் நோக்கம் நல்லதே. 1981ஆம் ஆண்டை நினைவில் கொண்டோர் அதைக் குறைகூற இயலாது. ஆனால் விதியில் ஒரு விபரீதம் புகுந்துவிட்டது. பழைய நிறுவனத்திடமே புதுப்பிப்பவருக்கு இச்சோதனை கட்டாயமில்லை. காப்புறுதி இல்லாத கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுபவருக்குக் கட்டாயம். ஐந்தாண்டு ஒரு தவணையும் தவறாமல் கட்டியவர், குறைந்த வட்டி தரும் இடத்துக்குப் போக விரும்பினால் ‘உம்மால் தாங்க முடியாது’ என்பர். கூடிய வட்டி கேட்கும் பழைய இடத்திலேயே இருந்தால் ‘தாங்குவீர்’ என்பர். வட்டி குறைந்தால் தாங்கும் திறன் கூடும் என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். சோதனையில் தேற மாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் பழைய நிறுவனம் விலையைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஈராண்டு கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25 விழுக்காடாக இருந்தது. ஐந்தாண்டு வீட்டுக் கடன் 2 விழுக்காட்டுக்கும் கீழே கிடைத்த காலம் அது. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் மத்திய வங்கி வட்டி 5 விழுக்காடாக ஏறியது; 2024 ஜூன் முதல் மீண்டும் இறங்கிற்று. மலிவான காலத்தில் வாங்கியவர்களின் புதுப்பிப்பு நாட்கள் 2025, 2026ஆம் ஆண்டுகளில் வந்து குவிந்தன.

இக்காலத்துக்கும் ஒரு கணக்கு. 400,000 வெள்ளிக் கடன், 2 விழுக்காடு, 25 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,694 வெள்ளி. ஐந்தாண்டு கழிந்தபின் மீதி ஏறத்தாழ 335,000 வெள்ளி. பழைய நிறுவனத்தின் கடிதம் 4.8 விழுக்காடு என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய தவணை 2,166 வெள்ளி. வேறொரு நிறுவனம் 4.4 விழுக்காட்டுக்குத் தர இசைந்தால் தவணை 2,095 வெள்ளி. மாதம் 71 வெள்ளிதானே என்று தோன்றும். ஐந்தாண்டில் அது 4,200 வெள்ளியைத் தாண்டுகிறது. அதோடு ஐந்தாண்டு முடிவில் நிற்கும் மீதி முதலும் 2,000 வெள்ளி குறைவாக இருக்கிறது. ஆக, ஆறாயிரம் வெள்ளிக்கு மேல். சொன்ன விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காகவே. மாற்றும் செலவுகளை இதிலிருந்து கழிக்கவும் வேண்டும். பழைய பத்திரத்தை விடுவிக்கும் கட்டணம், மதிப்பீட்டுக் கூலி, பதிவுச் செலவு முதலியவை உண்டு. வாடிக்கையாளரை இழுக்க விரும்பும் புதிய நிறுவனம் அவற்றில் ஒரு பகுதியைத் தானே ஏற்பதும் உண்டு. கேட்டால்தான் ஏற்கும்.

புதுப்பிப்பு அலை எழுவதற்குள் விதி திருந்தியது. காப்புறுதி பெற்ற கடனை வைத்திருப்பவர் புதுப்பிப்பு நாளில் நிறுவனம் மாறினால் மறுபடியும் சோதனைக்கு உட்பட வேண்டியதில்லை என்பதை 2023 நவம்பரில் வெளியான அரசின் வீட்டுக் கடன் சாசனம் உறுதிப்படுத்தியது. காப்புறுதி இல்லாத கடன்களுக்கும் 2024 நவம்பர் 21 முதல் அச்சோதனை விலக்கப்பட்டது. ஆனால் கடன் தொகையைக் கூட்டாமலும் தீர்வுக் காலத்தை நீட்டாமலும் நேரே மாற்றுபவருக்கே இவ்விலக்கு. வீட்டைச் செப்பனிட இன்னுமோர் இருபதாயிரம் வெள்ளி சேர்த்துக் கேட்பவர் சோதனைக்கு நிற்கத்தான் வேண்டும்.

இன்னொரு முடிச்சும் அவிழாமல் இருக்கிறது. வீட்டின் பேரில் பின்னரும் கடன் பெற்றுக்கொள்ள ஏதுவாக, முதற்கடனைவிடப் பெரிய தொகைக்கு ஈட்டைப் பதிவு செய்யும் முறையைச் சில நிறுவனங்கள் கையாள்கின்றன. புதிதாகப் பத்திரம் எழுதாமல் மேலும் கடன் கிடைக்கும் என்பது அதன் வசதி. அவ்வாறு பதிந்த ஈட்டை ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்கு அப்படியே கைமாற்றுவது பெரும்பாலும் இயலாது. பழையதை விடுவித்துப் புதிதாக எழுதிப் பதிய வேண்டும். வழக்கறிஞர் செலவு ஏறும். முதற்கடன் வாங்கும் நாளில் இட்ட ஒரு கையெழுத்து ஐந்தாண்டு கழித்துச் செலவாக வந்து நிற்கிறது. வீடு கிடைத்த மகிழ்ச்சியில் பத்திரத்தின் அந்தப் பக்கத்தைப் படிப்போர் சிலரே.